மணிக்கட்டுக்கும் எழுதிய பாட்டு

மகளைப் பார்க்க ஆக்லாந்து வந்த இடத்தில், பாபடோயிட்டோய் என்கிற பகுதியில், சர்ச் ஹால் கச்சேரியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன். வெளியே மழை. முதல் வரிசை எனக்குப் புதுசில்லை. அஞ்சாவதோடு படிப்பை விட்டாலும், கையால் சுற்றுகிற மெஷினுக்கெல்லாம் மோட்டார் மாட்டியே கோயம்புத்தூரில் மூணு கம்பெனி போட்டவன் நான்.

எதிரே செலின் என்கிற யாழ்ப்பாணத்துப் பெண், மடியில் ஒரு மரப்பெட்டியை வைத்துக்கொண்டு திணறுகிறாள். ஹர்டி-கர்டியாம். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே சக்கரம் நரம்புகளை உரசிப் பாடும். தானே எழுதிய பாட்டை இன்றைக்குத்தான் முதன்முதலாக வாசிக்கப் போகிறாள். ஈரக் காற்றில் ஒரு நரம்பு மட்டும் மக்கர் பண்ணுகிறது.

"சுத்தியே கை ஓஞ்சிரும் அம்மிணி. சின்னதா ஒரு மோட்டார் மாட்டித் தரட்டுமா?"

சிரிக்கிறாள். "மோட்டார் ஒரே சீராச் சுத்தும் ஐயா. இஞ்ச பாருங்கோ."

தாளில் சுரங்களுக்குக் கீழே இன்னொரு வரி, முழுக்கப் புள்ளிகள்.

"மேல இருக்கிறது விரலுக்கு. இது மணிக்கட்டுக்கு. புள்ளி வாற இடத்திலை சட்டெண்டு வெட்டிச் சுத்தோணும், அப்பத்தான் இந்த நரம்பு உறுமும். உறுமாட்டி என்ர பாட்டு பாதிதான்."

அடேயப்பா, சுற்றுவதையே எழுதி வைத்திருக்கிறாள்!

மக்கர் பண்ணிய நரம்பின் சின்ன முளையைத் திருகிச் சரிசெய்துவிட்டு ஆரம்பிக்கிறாள். மணிக்கட்டு வெட்டுகிறது, நரம்பு உறுமுகிறது, எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து கை தட்டுவது நான்தான். எத்தனையோ கைப்பிடிகளைக் கழற்றி எறிந்தவன் சொல்கிறேன்: இந்தக் கைப்பிடியை மட்டும் எவனும் தொடக் கூடாது.