பதினோரு நாள் மாத்திரை

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பத்தாவது பெயிலாகி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவனுக்கு நோட்டும் பேனாவும் எதற்கு? இரண்டு தடவை எழுத உட்கார்ந்து, எழுந்து போய் டீ குடித்தேன். வாயால் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். வேறு பெருமை ஒன்றும் இல்லை.

என் சினேகிதனுக்கு எட்டாவது படிக்கும்போதிருந்தே வலிப்பு. அவன் அம்மாவை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அவனை அத்தை கிணற்றுப் பக்கம் விடமாட்டாள். வண்டி தொடக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது, மொட்டை மாடியில் நிற்கக்கூடாது. கடைசியில் முருகன் கோயில் மலையடிவாரத்தில் அவனுக்குக் கிடைத்தது, மொட்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களின் தலையில் சந்தனம் பூசுகிற வேலை.

"ஊர்ல கீற மொட்டைங்கதான்டா உனக்கு சோறு போடுது" என்று போகிற போக்கில் ஆட்டோவிலிருந்து கத்துவேன்.

"நீயும் வாடா, பூசி உடறேன். உன் மண்டைக்கு ரெண்டு கிண்ணம் ஆவும்" என்பான்.

ஒரு வருஷம் வலிப்பு வராமல் இருந்தால் ஆடிக் கிருத்திகைக்கு அவன் புஷ்பக் காவடி எடுப்பான் என்று அத்தை வேண்டிக்கொண்டாள். ஒரு வருஷம் வரவில்லை. டாக்டர் புதிதாக மாற்றிக் கொடுத்த மாத்திரை பிடித்துக்கொண்டது. வேலை செய்தது மாத்திரை, பேர் முருகனுக்கு. பரவாயில்லை, யாருக்குப் போனால் என்ன என்று விட்டுவிட்டோம்.

அவனும் விரதம் இருந்தான். சும்மா பேருக்கு இல்லை. மஞ்சள் வேட்டி, ஒரு வேளைச் சோறு, தரையில் பாய். டீக்கடையில் பன் கொடுத்தால் முட்டை சேர்த்திருப்பார்களா என்று விசாரிப்பான். கிண்டல் செய்ய எனக்கு இது போதாதா?

ஒரு நாள் காலையில் டீக்கடையில் மூன்று பேர் நின்றிருந்தோம். நான், அவன், அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுகிற இன்னொரு கூட்டாளி. விரதக்காரன் சட்டைப்பையிலிருந்து கேப்சூல் மாத்திரை அட்டையை எடுத்தான்.

"இன்னாடா, விரதத்துல கறி துண்ற?" என்றேன்.

"எங்கடா கறி?"

"கையில கீதே, அதான். அந்த கேப்சூலு மேல கீற தோலு மாட்டு எலும்புல பண்றாங்கோ. போன்ல பாத்தேன். பன்னுக்கு முட்டைய விசாரிக்கிற, ரெண்டு வேளையும் எலும்ப முழுங்கிகினு கீற. முருகரு இன்னா நெனப்பாரு?"

தறிக்காரன் சிரித்தான். "உட்றா, அவன் நம்பிடப் போறான்."

அவன் சிரிக்கவில்லை. "மெய்யாவா?" என்றான்.

"ஆங், மெய்யாதான்."

அவன் முகம் போன போக்கு எனக்கு வேடிக்கையாக இருந்தது. அட்டையை உடைக்காமலே திரும்பப் பையில் போட்டுக்கொண்டான். அப்புறம் விழுங்கிக்கொள்வான் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். ஆட்டோவில் ஆள் நிறைந்துவிட்டது, போய்விட்டேன். அதற்குப் பிறகும் தினமும் அவனைப் பார்த்தேன். கிண்டல் செய்ய நேரம் இருந்தது. "மாத்திரைய போடுடா, எலும்பா இருந்தா இன்னா, மருந்து மருந்துதான்" என்று சொல்ல எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்?

கிருத்திகைக்கு மூன்று நாள் முன்னால் காலையில் அவன் வீட்டுக்குப் போனேன். அத்தை வாசலில் உட்கார்ந்து காவடிக்கான மயில் இறகைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"போயி எழுப்பு நைனா. இன்னிக்கி என்னமோ அசந்து தூங்கறான்."

குப்புறப் படுத்திருந்தான். ஒரு சொம்புத் தண்ணீரை மொண்டு வந்து கழுத்தில் ஊற்றினேன். "எந்திரிங்க சாமி, மயிலு வெயிட்டிங்." தண்ணீர் வழிந்து தலையணைக்குள் போனது. கழுத்தைத் தொட்டேன், சில்லென்று இருந்தது. நான் ஊற்றிய தண்ணீர்தான் என்று நினைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அத்தையை உட்கார வைத்துப் பேசினார்.

"வலிப்பு இருக்கிறவங்களுக்கு இப்படித் தூக்கத்துலயே திடீர்னு உயிர் போறது உண்டும்மா. அபூர்வம்தான், ஆனா உண்டு. மாத்திரைய நிறுத்திட்டா அந்த ஆபத்து கூடும். நிறுத்தினாரா?"

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். "வேளைக்குப் போட்டுகினுதான இருந்தான்? நீதான கூடவே இருந்த, சொல்லு நைனா."

"போட்டான் அத்தே" என்றேன்.

அப்போது எனக்கு நிச்சயமாகத் தெரியாது. காரியத்துக்கு முந்தின நாள் அவனுடைய சந்தனப் பெட்டியைக் காலி செய்யும்போது தெரிந்தது. அடியில் மாத்திரை அட்டைகள், ஒரு மஞ்சள் துணியில் சுற்றி. பதினோரு நாள் மாத்திரை, ஒன்றுகூட உடைக்கவில்லை. தூக்கிப் போடவும் இல்லை. விரதம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று பத்திரமாக வைத்திருக்கிறான், மடையன். மடையன் அவன் இல்லை.

தறிக்காரனிடம் மட்டும் காட்டினேன். "யார்கிட்டயும் சொல்லாதடா" என்றேன். தலையாட்டினான். அட்டைகளை ஆட்டோ சீட்டுக்கு அடியில் போட்டேன். இன்னும் அங்கேதான் இருக்கின்றன.

கிணறு, அடுப்பு, வண்டி, மாடி என்று எல்லாவற்றிலிருந்தும் அவனைக் காப்பாற்றினோம். பாயில் படுப்பதால் சாவான் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? இல்லை, அதுவும் நான் தப்பிக்கப் பேசுகிற பேச்சு. மாத்திரையை விடக்கூடாது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

அத்தை இப்போது மலையைப் பார்ப்பதே இல்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடம், "எல்லாம் கொறையில்லாமதான் செஞ்சோம். அந்த முருகருதான் கண்ணத் தொறக்கல" என்கிறாள். பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருக்கிறேன். என் பழியை முருகர் சுமக்கிறார். தெருவில் ஆட்டோ போனால் சத்தத்தை வைத்தே கூப்பிடுகிறாள். "சாப்ட்டுட்டுப் போ நைனா." சாப்பிடுகிறேன். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று உட்காருவேன். இரண்டாவது தடவை சோறு போடுவாள். கையைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவேன். ஊரையே கலாய்க்கிற வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

போன வாரம் தறிக்காரனுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். "என்னால முடியலடா. அந்த மாத்திர விஷயத்த அத்தகிட்ட சொல்லிடலாம்னு கீறேன். நீ இன்னா சொல்ற?"

அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

"காரியத்தன்னிக்கே நான் அத்தகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்டா."