ரத்தத்தை யாரும் கேட்கவில்லை

“வால்வு ஜோரா இருக்காம். அப்ப மூச்சு வாங்கறது யாரு, பக்கத்து வீட்டுக்காரியா?”

ஐந்து மாதமாக, அவள் முறை வரும்போதெல்லாம் இதே புலம்பல். மூன்றாம் படியில் வாளியோடு உட்கார்ந்துகொண்டு ஹெட்விக்கம்மா சொல்வாள். ஜெர்மனியில், எஸ்லிங்கனில் எங்கள் குடியிருப்பில் வாராவாரம் ஒரு வீட்டுக் கதவில் அட்டை தொங்கும். அந்த வீட்டார்தான் மாடிப்படியைத் துடைக்க வேண்டும். அவளுக்கு எழுபத்தெட்டு வயது. நான் கேட்டாலும் துடைப்பத்தைத் தரமாட்டாள். நாலு படி துடைப்பாள், உட்காருவாள். உதடு வெளுத்திருக்கும். டம்ளரிலிருந்து ஐஸ்கட்டியை எடுத்து நறநறவென்று மெல்லுவாள்.

மேல்மாடி ரைனருக்கு வாய் சும்மா இருக்காது. “என்ன ஹெட்விக்கம்மா, வால்வை ரிப்பேர் பண்ணியும் வண்டி ஓடலையா?”

“ஓடும்டா. நீ ஷூவைத் தொடச்சிட்டு ஏறு!”

ஐந்து மாதம் முன்பு அவளுக்கு நெஞ்சைப் பிளக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு, ஒழுகின இதய வால்வில் கிளிப் மாட்டினார்கள். நல்ல வேலை, குறை சொல்லமாட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு தடவை மூச்சு முட்டி ஆம்புலன்ஸ் வந்தது. இரண்டு தடவையும் வால்வைப் படம் பிடித்து, பிரமாதம் என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் மகன் முதியோர் இல்லத்துக்கு விண்ணப்பமே வாங்கிவிட்டான்.

எனக்குப் படிப்பு கம்மி. ஆனாலும் அவளுடைய கோப்பைப் புரட்டினேன். கிளிப் மாட்டுவதற்கு முன்பே எடுத்த ரத்தப் பரிசோதனை: ஹீமோகுளோபின் எட்டரை, இரும்புச்சத்து அடிமட்டம். பக்கத்திலேயே கீழ்நோக்கி அம்புக்குறி. இத்தனை படித்தவர்களில் ஒருத்தர் கண்ணிலும் படவில்லையா? ஒழுகலை அடைத்துவிட்டு, தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்காத பிளம்பரை நான் வீட்டுக்குள் விடமாட்டேன்.

கோப்போடு அவளைக் குடும்ப டாக்டரிடம் இழுத்துப் போனேன். அவர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“வயசாச்சுல்லம்மா. வால்வு நல்லாத்தானே இருக்கு?”

“வயசு போன வருஷமும்தான் இருந்துச்சு. அந்த அம்புக்குறியப் பாருங்க” என்றேன்.

“அது கொஞ்சம் கம்மிதான்...”

ஹெட்விக்கம்மா எழுந்தாள். மேசையைப் பிடித்துப் பிடித்துச் சுற்றிப் போய், திரைக்கும் அவர் முகத்துக்கும் நடுவே குனிந்து, ஒரு விரலால் கீழ் இமையை இழுத்துக் காட்டினாள். உள்ளே வெள்ளைவெளேர். இழுத்த விரலை எடுக்கவே இல்லை, அவர் பேனாவை எடுக்கும்வரை.

வருகிற இரண்டு வியாழக்கிழமையும் ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரும்புச்சத்து மருந்து ஏற்றுகிறார்கள். ரத்தம் எங்கே போகிறது என்று இப்போதுதான் தேடப்போகிறார்கள். மகனுக்கு வேலையாம். தனியாகத்தான் படுத்திருப்பாள். கேக்கெல்லாம் வாங்கிப் போக வேண்டாம். அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு நடை உள்ளே போய் அவளைப் பாருங்கள்.