இடையில் ஒரு ட்ரிப்

எங்கள் பேருந்து நிலையத்தில் அவரை எல்லோரும் 'மைக் அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். இருபத்திரண்டு வருடம் அறிவிப்பாளர் வேலை. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் விசாரணை சன்னலில் நான். அவருடைய கணவரும் இங்கேயே டிரைவர், எங்களுக்கெல்லாம் 'அண்ணன்'. தன் வீட்டுக்காரர் வண்டியையும் மற்ற வண்டிகளைப் போலவே இழுக்காமல், குழையாமல் அறிவிப்பார் அக்கா. "கொஞ்சம் ஆசையாச் சொன்னா என்னவாம்?" என்று அண்ணன் வம்புக்கு இழுப்பார். "மொதல்ல நேரத்துக்கு வண்டிய எடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்பார் அக்கா.

அக்காவுக்கு நெஞ்செரிச்சல் உண்டு. மேசை இழுப்பறையில் வெள்ளை ஆன்டாசிட் பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கும். ஒரு மூடி குடித்தால்தான் தொண்டை தெளியும் என்பார்.

ஒருநாள் காலை, "மூன்றாம் நடைமேடையிலிருந்து" என்று தொடங்கியவர், "ஐயோ, அம்மா!" என்று அலறிவிட்டார். மைக் திறந்தே இருந்தது. மூன்றாம் நடைமேடையில் ஏதோ விபத்து என்று நினைத்துப் பாதிக் கூட்டம் அங்கே ஓடியது. மீதிக் கூட்டம் அங்கிருந்து ஓடியது. நான் உள்ளே போய்ப் பார்த்தபோது அக்கா வலது விலாவைப் பிடித்துக்கொண்டு மேசையில் கவிழ்ந்து கிடந்தார்.

ஸ்கேனில் பித்தப்பையில் மூன்று சின்னக் கற்கள் தெரிந்தன. ஆபரேஷன் என்றதும் அக்கா மிரண்டுவிட்டார். மயக்க மருந்து கொடுக்கும்போது தொண்டையில் குழாய் விடுவார்களாமே, குரல் போய்விட்டால்? டாக்டரம்மா யோசித்துவிட்டு, கற்கள் சின்னவைதான், கரைக்க மாத்திரை கொடுத்துப் பார்ப்போம் என்றார். காலையும் மாலையும் சாப்பாட்டோடு ஒன்று. ஆனால் நாளாகும், பொறுமை வேண்டும்.

அந்தப் பொறுமையை அண்ணன் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன், கையில் டிபன் டப்பாவோடு அறைக்கு வருவார். அக்கா சாப்பிட்டு முடிக்கும்வரை நின்று, மாத்திரையைத் தானே உரித்துக் கொடுப்பார். கையோடு வெள்ளை மருந்தையும் ஒரு மூடி ஊற்றி நீட்டுவார். "மாத்திரை வயித்த எரிக்கப் போகுது, இதையும் குடிச்சிடும்மா." வீட்டிலும் மாலையில் இதே உபசாரம்தான். ஆறு மாதத்தில் ஒருநாள்கூடத் தவறவில்லை.

ஆறு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தார்கள். மூன்று கல்லும் அப்படியே இருந்தன, ஒரு கடுகளவுகூடக் குறையவில்லை.

"மாத்திரைய ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எப்படிக் கொடுக்கிறார் என்பதை அங்கேயே நடித்துக் காட்டினார். மூடியில் ஊற்றும் இடம் வந்ததும் டாக்டரம்மா, "நிறுத்துங்க, அது என்ன?" என்றார்.

பாட்டிலின் பேரைச் சொன்னார்கள்.

"அந்த மாத்திரையே ஒரு வகைப் பித்த அமிலம்தாங்க. உங்க வெள்ளை மருந்துல அலுமினியம் இருக்கு. அது பித்த அமிலத்தக் கண்டா விடாது, அப்படியே பிடிச்சு வெச்சுக்கும். குடல் உறிஞ்சறதுக்கு மிச்சம் என்ன இருக்கும்? மாத்திரையில பெரும்பங்கு உடம்புல சேராமலே வெளிய போயிருக்கும்."

அண்ணன் முகம் செத்துப்போனதாம். வீட்டுப் படியேறும்போது, "நானே என் கையால கெடுத்துட்டேனே" என்றார்.

"நீங்க ஊத்தாட்டி நானே ஊத்திக் குடிச்சிருப்பேன்," என்றார் அக்கா. "இந்த ஆறு மாசமா தினம் காலையில நீங்க என் முன்னாடி நின்னீங்களே, அதுக்கு முன்னாடி எந்த வருஷம் நின்னீங்க? பேசாம உள்ள வாங்க."

மாத்திரைக்கும் வெள்ளை மருந்துக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்று சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அண்ணனின் வண்டி போய்த் திரும்ப இரண்டரை மணி நேரம். காலை வேளைக்குக் கணக்குச் சரியாக அமைந்தது. போகும்போது மாத்திரை, திரும்பி வந்தபின் தேவைப்பட்டால் வெள்ளை மருந்து. பாட்டிலை அக்காவை நம்பி விடாமல் தன் வண்டியிலேயே எடுத்துப் போனார். எரிச்சல் வந்த நாட்களில் அக்கா கடிகாரத்தைப் பார்த்துப் பல்லைக் கடிப்பார். "நம்ம ஆளு வண்டி வந்துடுச்சா, பாருடா" என்று என்னை நச்சரிப்பார். ஒருநாள் வழியில் டயர் வெடித்து வண்டி நாற்பது நிமிடம் தாமதம். அன்று அந்தத் தாமதத்தை அறிவித்த குரலில் இருந்த கோபத்தை நிலையமே கேட்டது.

அடுத்த ஸ்கேனில் இரண்டு கற்களைக் காணவில்லை. மூன்றாவது பாதியாகியிருந்தது. அது முழுதாகக் கரையுமா என்பதை இப்போது சொல்ல முடியாது, மாத்திரையைத் தொடருங்கள் என்றார் டாக்டரம்மா. அதுவே இருவருக்கும் போதுமானதாக இருந்தது.

இருவரும் அன்று லீவு. திரும்பி வர ஒரு பேருந்தில் ஏறி, கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அபூர்வமாக, ஒரே சீட்டில் பயணிகளாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு வளைவிலும் அண்ணனின் வலது கால் தரையில் பிரேக்கைத் தேடி அழுத்திக்கொண்டே இருந்ததாம். அக்கா அவர் முழங்காலில் கையை வைத்து, "வண்டிய அவர் ஓட்டட்டும், சும்மா வாங்க" என்று சொல்லிவிட்டு, இறங்கும்வரை கையை எடுக்கவே இல்லையாம்.