இன்னாத்துக்கு?

மற்றவர்கள் பேசுவதற்கு இடம் ஒழித்துக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர், தன் பேச்சை எங்கே வைப்பார்? சங்கமித்ராவின் வாழ்க்கை இதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் எனக்குத் தோன்றியதுண்டு. அவர் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

எம்.கே.பி. நகர் குடியிருப்பில் இரண்டாவது மாடி. அண்ணன் மாத்தூருக்குக் குடிபோன பிறகு தனி ஆள். முன்னறையில் பழைய கணினி ஒன்றை வைத்துக்கொண்டு, ஆராய்ச்சி மாணவர்களின் வாய்மொழித் தேர்வுக்கு ஸ்லைடு செய்து கொடுத்தார். அவை அழகானவை என்று சொல்லமாட்டேன். நெரிசல் இல்லாதவை, அவ்வளவுதான். ஒரு ஸ்லைடுக்கு ஒரு விஷயம். தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருக்க வேண்டும். முடித்ததும் எதிர் வராந்தாவுக்குப் போய் நின்று, கதவு வழியாகத் திரையைப் படித்துப் பார்ப்பார்.

"கடைசி பெஞ்சுல குந்திக்கினு கீறவனுக்கும் தெரியணும். இல்லாங்காட்டி நீ பேசி இன்னா பிரயோஜனம்?" என்பார்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. ஒவ்வொரு ஸ்லைடின் மூலையிலும் சிவப்பில் 'இன்னாத்துக்கு?' என்று அடித்து வைப்பார். இந்த ஸ்லைடு எதற்கு என்று மாணவர் சொல்ல வேண்டும். சொன்னால் அந்தச் சொல் அழியும். சொல்லத் தெரியாவிட்டால் ஸ்லைடே அழியும்.

நர்மதா எண்ணூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்துப் பெண். முகத்துவாரத்தில் இறால் குறைந்துவருவதைப் பற்றி ஆய்வு. மற்றவர்கள் வேலை முடிந்ததும் எழுந்து போவார்கள். அவள் உட்கார்ந்து பேசுவாள். அதனாலேயே அவள் வரும் நாட்களில் சங்கமித்ரா வேறு யாரையும் வரச் சொல்வதில்லை. அவள் கொண்டுவந்தவற்றில் ஒரு படம் இருந்தது: சேற்றுக்குள் பாதி புதைந்த இரண்டு கைகள்.

"இது இன்னாத்துக்கு?"

"எங்கம்மா கைக்கா. சும்மா இருந்துட்டுப் போவட்டும்."

"சும்மான்னு ஒரு ஸ்லைடு கிடையாதுடி."

"யோசிச்சு சொல்றேங்கா." அவள் சொல்லும்வரை இருக்கட்டும் என்று சங்கமித்ரா அந்த ஸ்லைடை அழிக்காமல் விட்டுவைத்தார். வாசல்வரை போன நர்மதா திரும்பினாள். "வைவாவுக்கு நீயும் வாயேன். யார் வேணா வரலாம்."

அத்தனை வருடத்தில் ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. சங்கமித்ரா புடவைக்கு இஸ்திரி போட்டு வைத்தார்.

போனவர் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். எழுத்துகள் அங்கிருந்து நன்றாகவே தெரிந்தன. கைகளின் படம் வந்தது. அவருடைய மங்கிய திரையில் சேற்று நிறத்தோடு கலந்து கண்ணுக்குத் தப்பிய சிவப்பு எழுத்து, கூடத்தின் புதுத் திரையில் பளிச்சென்று நின்றது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"இன்… னாத்துக்கு?"

கூடம் சிரித்தது. நர்மதாவின் முகம் வெளுத்தது. "மன்னிக்கணும் சார். அது… கடையில டைப் பண்ணவங்க விட்ட தப்பு."

கடைசி வரிசைப் பக்கம் அவள் பார்க்கவில்லை.

"தப்போ சரியோ, கேள்வி நல்லாத்தானே இருக்கு? சொல்லுங்க."

அவள் படத்தைத் திரும்பிப் பார்த்தாள். "இறால் குறையுதுன்னு முதல்ல சொன்னது எந்தக் கருவியும் இல்ல சார், சேத்துல தடவி இறால் புடிக்கிற இந்தக் கைதான். தடவுனா வெறும் சேறுதான் வருதுன்னு எங்கம்மா சொன்னாங்க. அதுக்கப்புறந்தான் நான் எண்ண ஆரம்பிச்சேன்."

தேர்வாளர் தலையசைத்தார். பட்டம் உறுதியானதும் கைதட்டல், மாலை, கூட்டமாகப் படம் எடுத்தல். நர்மதா கூட்டத்தில் தேடியபோது கடைசி வரிசை காலியாக இருந்தது.

அடுத்த வாரம் அவள் ஒரு பை நண்டோடு வந்தாள்.

"ஒருத்திக்கு இவ்ளோ நண்டா? கலீஜ் பண்ணி வெக்கப்போறேன் வூட்ட."

"அம்மா குடுத்துவுட்டாங்க." கூடத்தில் நடந்ததைப் பற்றி இருவரும் பேச்செடுக்கவில்லை. அதே ஸ்லைடுகளை ஒரு கருத்தரங்கில் காட்ட வேண்டுமாம். பென் டிரைவைக் கொடுத்தாள். நன்றி ஸ்லைடில் புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'வடிவமைப்பு: சங்கமித்ரா.'

சங்கமித்ரா அதைப் பார்த்தார். பக்கத்தில் சிவப்பில் அடித்தார்: 'இன்னாத்துக்கு?'

நர்மதா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அன்னிக்கு உன்ன கடைன்னு சொல்லிட்டேன்கா. பயத்துல வந்துடுச்சு. எல்லார் முன்னாடியும் சொன்னத எல்லார் முன்னாடியும்தானே திருத்தணும்? அதுக்குத்தான்."

குறை சொல்ல முடியாத பதில். சங்கமித்ரா சிவப்புச் சொல்லை அழித்தார். பிறகு தன் பெயரையும் அழித்தார்.

"இன்னாக்கா இது?"

"எங்கிட்ட சொல்ட்ட இல்ல, அது போதும்டி."

அவர் கோப்பைச் சேமித்து, பென் டிரைவைப் பிடுங்கி அவள் கையில் கொடுத்துவிட்டு, நண்டு கழுவப் பாத்திரம் எடுக்க உள்ளே போனார்.