நாலு வரி போதும்

எங்கள் ஆபீசில் எனக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பெண்மணி இருந்தார். காக்ஸ் டவுனிலிருந்து பஸ்ஸில் வருவார். குழந்தைகளுக்காக வேலையை விட்டு, பல வருஷம் கழித்துத் திரும்பியவர். நரைத்த முடிக்குச் சாயம் பூசாமல் இறுக்கிக் கட்டியிருப்பார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

நாங்கள் எல்லோரும் புரோகிராம் எழுதுவது ஐடிஇ என்கிற பெரிய மென்பொருளுக்குள்ளேயே. அவர் மட்டும் ஒவ்வொரு ஃபைலையும் அதிலிருந்து எடுத்து ஒரு சாதாரண டெக்ஸ்ட் எடிட்டரில் திறப்பார். ஸ்கிரீனில் நாலு வரி மட்டும் தெரிகிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு திருத்துவார். பிறகு ஐடிஇக்குத் திரும்பி ஓட்டிப் பார்ப்பார்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "கண்ணுல ஏதாவது பிரச்சினையா மேடம்?"

"கண்ணு நல்லாத்தான் இருக்குப்பா. ஐடிஇல முழுசா பாத்தா ஒரு பக்கம் வரிசையா ஃபைலு, கீழ சிவப்பு சிவப்பா எரரு. எழுந்து வீட்டுக்குப் போயிடலாம்னு தோணுது. நாலு வரின்னா பயமில்ல."

அந்த வாரமே மேனேஜர் வந்து நின்றார். "என்ன மேடம், ஐடிஇ யூஸ் பண்ண வராதா?" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தார்.

மேடம் சமாளிக்க ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். "வரும் சார். பயமா இருக்கு, அதான்" என்றார்.

மேனேஜரின் சிரிப்பு நின்றது. "சரி, வேலை முடிஞ்சா சரி" என்று நகர்ந்துவிட்டார். அடுத்த மாதம் மேடத்துக்கு வேலை நிரந்தரமானது.

பயமாக இருக்கிறது என்று ஒருவர் மேனேஜரிடமே சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. எப்படிச் சொன்னீர்கள் என்று அவரிடம் கேட்பதற்குள் என்னை வேறு டீமுக்கு மாற்றிவிட்டார்கள்.