காமிலுக்குத் தொழாத தொழுகை

உம்மு குல்சூம் வள்ளத்தில் ஏறிய அன்றே முசலிக் கரையில் ஊர்வாய்க்கு அவல் கிடைத்துவிட்டது. பொம்பிளைக்குக் கடலில் என்ன வேலை என்றார்கள். மீளக்குடியேறி ஒரு மாரிகூடத் தாண்டவில்லை, தகரக் கொட்டில்களுக்குக் கதவுமில்லை. அடுத்தவள் கதை பேச மட்டும் எல்லாரிடமும் நேரம் இருந்தது.

குல்சூம் என் வயதுக்காரி. அவள் புருஷன் சரிபுதீன் சங்கு குளிப்பவர். கடலடிக்கு இறங்குகிறவரின் இடுப்புக் கயிற்றை, மேலே வள்ளத்திலிருந்து மனைவியின் சகோதரனான மச்சான்தான் பிடிக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கூடப்பிறந்தவளை விதவையாக்க எவனும் கயிற்றை விடமாட்டான் என்ற நம்பிக்கை. சரிபுதீனுக்கு இருந்த ஒரே மச்சான் குல்சூமின் தம்பி காமில். தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம் சனங்களான எங்களை ஊரைவிட்டு விரட்டியபோது, கற்பிட்டிக்குப் புறப்பட்ட வள்ளமொன்றோடு அவன் காணாமல் போனான். மையித்து, அவன் உடல்கூட, கிடைக்கவில்லை.

மையித்து இல்லாதவருக்கும், இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகை தொழலாம் என்று புத்தளம் அகதி முகாமில் எத்தனை பேர் சொன்னோம். "உசிரோட இருக்கிறவனுக்கு மௌத்துத் தொழுகையா?" என்று குல்சூம் சீறுவாள். இருபது வருசமாகப் பெருநாளுக்குப் பெருநாள் அவனுக்கென்று ஒரு சாரம் வாங்கி வைப்பாள். ஊர் திரும்பிய பிறகும், தம்பி வரும்வரை கயிறு பிற ஆளின் கைக்குப் போகக்கூடாது என்று தானே பிடித்தாள்.

ஒருநாள் சரிபுதீன் கடலடிப் பாறைத்திட்டான பார்க்கல்லைத் தாண்டிய பள்ளத்தில் இறங்கினார். அதற்கும் கீழே இருக்கிற பாதாளத்தைப் பற்றி நாங்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். நம்பினோம் என்று சொல்லமாட்டேன். கடலில் செத்து, கடைசிக் கடன் கிடைக்காத மாலுமிகள் அங்கே கோபுரம் கட்டுகிறார்கள். உச்சி வெளிச்சத்தைத் தொட்டால் கரைக்குப் போகலாமென்று கல் சுமக்கிறார்கள். சாபம் பிடித்த கோபுரம் அது. மேல்வரிசை வைத்ததும் சரிந்து விழும், மறுபடி அடியிலிருந்து தொடங்குவார்கள். பறங்கி, அரபி, தோணிக்காரர் என்று கல் சுமந்து நின்றவர்களுக்கு நடுவில், காணாமல் போன வயதிலேயே காமிலும் நிற்பதை அன்று சரிபுதீன் கண்டார். முதுகில் தோல் இல்லை.

"மச்சான், எனக்கு இன்னும் தொழவைக்கேல்லையா?" என்று கேட்டான். "தொழுகை கிடைச்சவங்கள் கல்லை இறக்கி வெச்சிட்டுப் போயிட்டாங்கள்."

சரிபுதீன் மேலே வந்து, "காமிலைக் கண்டனான்," என்றார்.

குல்சூமின் முகம் அப்படியே மலர்ந்ததாம். "நான் சொன்னனான்தானே. எப்ப வாறானாம்?"

அதற்குப் பிறகுதான் அவர் மற்றதைச் சொன்னார். கரைக்கு வந்ததும் அவள் நேரே பள்ளிவாசலுக்குப் போய் வெளியே நின்று, "என்ட தம்பி மௌத்தாப் போயிட்டான், தொழவையுங்கோ," என்று தொழுகை நடத்தும் ஹஸ்ரத்திடம் கேட்டாள். அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்து நான் அழுதேன். பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பிறகு காமிலுக்குத் தொழுதார்கள்.

மறுநாள் சரிபுதீன் அதே பள்ளத்தில் இறங்கினார். காமில் இல்லை. அவன் சுமந்த கல் மட்டும் மணலில் கிடந்தது.

"போயிட்டான் குல்சூம்," என்றார், வள்ளத்து விளிம்பைப் பிடித்தபடி.

அவள் அல்ஹம்துலில்லாஹ் சொன்னாள். கயிற்றைப் பாதி சுற்றியவள் நிறுத்திவிட்டு, "அப்ப முதல் வருசமே தொழுதிருந்தா, முதல் வருசமே போயிருப்பானா?" என்று கேட்டாள்.

சரிபுதீன் பொய் சொல்லத் தெரியாத மனுசர். அந்த ஒரு தடவையாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"ஓம்," என்றார்.