கர்னலுக்கு முன்னால் ஒரு முழங்கால்

அடையாறில் எங்கள் அடுக்ககத்துக் காவலாளி சாதாரணமாக நடந்து நான் பார்த்ததில்லை. கேட்டைத் திறக்க வந்தாலும், தண்ணீர் லாரிக்கு வழிகாட்டப் போனாலும், மீசையை நிமிர்த்திக்கொண்டு மார்ச்தான். பட்டாளத்தில் இருந்தவர், அந்த மிடுக்கு என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் ஸ்டூலில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"லடாக்ல வுழுந்து அடிபட்ட கால் சார். நடந்தா நொண்டும், மார்ச் பண்ணா தெரியாது. அசோசியேசன்ல சொல்லிடாதீங்க, வேலைய வுட்டுத் தூக்கிடுவாங்க."

"ராணுவத்துல ஊனத்துக்கு பென்ஷன் தருவாங்களே?"

"தருவாங்க. ஆனா அது இங்க தெரிஞ்சா இந்த ஸ்டூலு போயிடும். வூட்ல சும்மா குந்திக்கினு இன்னா பண்றது?"

பல வாரம் குழம்பிவிட்டு, கடைசியில் பென்ஷன்தான் என்று முடிவுகட்டி, ராணுவ மருத்துவக் குழுவிடம் போனார். மறுநாள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"நொண்டிக்கினேதான் சார் உள்ள போனேன். டாக்டரு தோள்பட்டைல ஸ்டாரப் பாத்தா, கர்னலு! நடந்து காட்டுன்னாரு. காலு அதும்பாட்டுக்கு மார்ச் பண்ணிடுச்சு. சல்யூட் வேற. எல்லாம் நல்லா கீதுன்னு எழுதிட்டாரு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அப்பீல் பண்ணுங்களேன்."

"அங்கயும் ஒரு கர்னலுதான சார் குந்தியிருப்பாரு?"

வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கர்னலு ஷாபாஷ்னாரு சார்," என்று சொல்லிவிட்டு, கேட்டை நோக்கி மார்ச் செய்து போனார். அதில் இருந்தது வருத்தமா பெருமையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.